கேட்டுவிட்டு வைத்த தீ

ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரை
அக்டோபர் 1777

அன்புள்ள ஹார்மனுக்கு,

லைஸ்பெத் எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். அண்ணன் வீட்டில் இருக்கிறோம். மாகாண சபையோடு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? நான் கொடுத்தனுப்பிய கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்துத் தூங்கிவிடாதீர்கள்.

நம் மாவு ஆலை இனி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்து ராஜாவின் போர்க்கப்பல்கள் ஆற்றில் மேலேறி வருவது தெரிந்ததும் நம் படையின் தளபதி வேட்லி இங்கே முகாம் போட்டார். ஆலை எதிரி கையில் சிக்கினால் குளிர்காலம் முழுக்க அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனாலும் அவர் உங்கள் மாகாண சபைக்குக் கடிதம் எழுதி, அனுமதி கேட்டுக் காத்திருந்தார். அதற்குள் மாவு மூட்டைகளை வண்டியேற்றிவிடச் சொல்லி, தானும் தோள் கொடுத்தார். அவ்வளவு பெரிய மனிதர், தலையெல்லாம் மாவு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருக்குக் கீழிருக்கும் கேப்டன் கிரேனுக்குத்தான் பொறுக்கவில்லை. என் அடுப்படியில் பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டே புலம்பினார். "ஐயா, அந்தச் சபைக்காரங்க பேசி முடிக்கிறதுக்குள்ள கப்பல் வாசல்ல வந்து நிக்கும். துப்பாக்கி நம்ம கையில இருக்கு, யாரைக் கேக்கணும்?"

"துப்பாக்கி இருக்கிறதாலதான் கேக்கணும்," என்றார் தளபதி. "நம்மளைக் கேக்காம வரின்னு எடுத்தான்னுதானே ராஜாவோட சண்டை போடுறோம்? நாமளும் அதையே செஞ்சா இந்தம்மா எதுக்கு நமக்குக் கஞ்சி ஊத்தணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

நேற்றுக் காலை சபையின் பதில் வந்தது. தளபதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "எரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்காங்கம்மா. கொண்டுவந்ததே உங்க வீட்டுக்காரர்தான்."

பெருமையாக இருந்தது, ஹார்மன். சொந்த ஆலையை எரியுங்கள் என்று சபையில் எழுந்து சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? கோபமும் வந்தது. அது என் அப்பா கட்டி, என் பெயருக்கு எழுதிவைத்த ஆலை. உங்களுக்கு அது மறந்தே போய்விட்டது.

தளபதி நகரவில்லை. ஆற்று வளைவில் கப்பல் பாய்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. "ஆலை உங்க பேர்ல இருக்குன்னு ஊர்ல சொன்னாங்க. சபை சரின்னுடுச்சு. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பந்தத்தைக் கையில் வாங்கி நானே தீ வைத்தேன்.

அவருக்கு என்னை முன்பின் தெரியாது. பின்னால் ஒரு படையே நின்றது. அப்படியும் கேட்டார். இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் எழுதியிருப்பேன்.

அரைவைக் கற்கள் இரண்டும் சாம்பலுக்குள் முழுசாகக் கிடக்கின்றனவாம். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கர்த்தர் உங்களையும் உங்கள் சபையையும் காக்கட்டும். உயிரோடு வந்து சேருங்கள், திரும்பக் கட்டுவோம். கட்டத் தொடங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள்
லைஸ்பெத்