மகள் அளந்த கெண்டைக்கால்

ஜூன் 3
இன்று மானம் டேப்பில் போனது. அறுபத்தைந்து தாண்டியும் நோய் இல்லாத ஆண்களை ஆஸ்பத்திரியில் அளக்கிறார்களாம். என்ன சாப்பிடுகிறோம், உடம்பு எப்படி நிற்கிறது என்று ஓர் ஆராய்ச்சி. மகள் என் பேரைக் கொடுத்துவிட்டாள். சட்டையைக் கழற்றியதும் வயிற்றை எக்கிக்கொண்டேன். நர்ஸம்மா டேப்பைப் பிடித்தபடியே நின்றார். "மூச்சை விடுங்க ஐயா, எனக்கு அவசரமில்ல." விட்டேன். பஸ் ஓட்டிச் சம்பாதித்த தொப்பை மொத்தமும் வெளியே வந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஜூன் 22
தொப்பை கூடப் பரவாயில்லையாம், காலில்தான் சதை போதாதாம். காலையில் முட்டை, ராத்திரி பருப்பு. ஞாயிற்றுக்கிழமை மகள் தரையில் உட்கார்ந்து தையல் டேப்பால் என் கெண்டைக்காலை அளக்கிறாள். இந்தக் காலை இதுவரை கிளட்ச்சைத் தவிர யாரும் மதித்ததில்லை.

ஜூலை 13
அரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. மகள் கைதட்டினாள். வெட்கமில்லாமல் இன்னொரு முட்டை கேட்டேன்.

ஆகஸ்ட் 8
நர்ஸம்மா பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். "கடைசி டெஸ்ட்ல கைப்பலமும் நல்லா வந்துட்டா உங்க பொண்ணு நிம்மதியா கிளம்பலாம்யா." எங்கே? மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலையாம். நான் தனியாகச் சமாளிப்பேனா என்று பார்க்கத்தான் என்னைச் சேர்த்தாளாம்.
அப்போ அந்த முட்டை? அந்தக் கைதட்டல்? விட்டுட்டுப் போறதுக்குத் தோதா நீயே உடம்பைத் தேத்திக் குடுத்திருக்கியேடா, முட்டாள்.

ஆகஸ்ட் 9
முட்டை உரித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். நிமிரவில்லை. "சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பீங்களாப்பா?"
மாட்டேன்தான். அதுக்காக? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பெட்டி கட்டிக் குடுத்திருப்பேன். மாப்பிள்ளைக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும். அளக்கக் காலை நீட்டினவனுக்குத்தான் தெரியாது.
முட்டையைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 20
கடைசி டெஸ்டில் கையை லேசாக அழுத்தினால் போதும். அவள் போகமாட்டாள்.

ஆகஸ்ட் 24
கைப்பிடிக் கருவியைக் கொடுத்து, முழு பலத்தையும் போடச் சொன்னார் நர்ஸம்மா. மகள் எதிரே நின்றாள். லேசாகத்தான் பிடித்தேன். முள் பாதியில் நின்றது. அவள் முகம் – சின்ன வயசில் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்பாளே, அதே முகம்.
"இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றேன். பழைய ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி பிடித்தேன். முள் ஓடியது.
திரும்பும் வழியில், "இன்னும் கோபமாப்பா?" என்றாள். பசிக்கிறது என்றேன்.
என்னையும் கூட்டிக்கிட்டுப் போயேன் – அதை மட்டும் சொல்லவில்லை.