ஐந்தாம் கோடு

புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? முதுகுவலி எப்படி இருக்கிறது? நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று போனில் சொல்ல வாயெடுத்தேன், முடியாமல் சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன். உங்கள் முகாமில் இருக்கும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளை விமானம் ஏறுகிறார். அங்கே மின்னஞ்சலை மேலாளர் திறந்து பார்ப்பார் என்றீர்களே, அதனால் இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

கிடங்குக்காரருக்கு நாம் அளந்து கொடுத்த ஏழு மூலை இடம் நினைவிருக்கிறதா? வரைபடத்தைப் பார்த்து, "நான் நெனச்சதவிடப் பெருசா இருக்கே!" என்று சிரித்தாரே, அதுதான். அந்தப் படத்தை வைத்து வழக்கில் ஜெயித்துவிட்டார். பக்கத்தில் குடியிருக்கும் வேன் டிரைவரின் இரண்டு அறையும் அவர் எல்லைக்குள் வருகிறதாம். அடுத்த செவ்வாய் இடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை டிரைவர் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. "அக்கா, நான் பொறக்கறதுக்கு முந்தியே அந்தச் சுவர் அங்கதான் இருக்கு. சுவரு என்ன நடந்தா போகும்? கணக்க ஒரே ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். அவர் மனசு ஆறட்டும் என்றுதான் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். நம் கணக்கில் தப்பு இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

உங்களுக்குத் தெரியாததா, ஒவ்வொரு கோட்டின் தூரத்தையும் திசைக்கோணத்தையும் கொடுத்தால், வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று ஷீட்டே போட்டுவிடும். சுற்றி வந்து புறப்பட்ட புள்ளியில் முடியும்போது இரண்டு கூட்டலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மூன்று சென்டிமீட்டரோ ஐந்து சென்டிமீட்டரோ இடிக்கும். மனுஷன் அளந்தால் அப்படித்தான். இதில் மூன்று தசமம் வரைக்கும் பூஜ்யம். அன்றைக்கு அதைப் பார்த்து, என் வீட்டுக்காரர் கை எவ்வளவு சுத்தம் என்று பெருமைப்பட்டவள் நான். இப்போது அந்தப் பூஜ்யத்தை நம்ப முடியவில்லை.

அளந்த இடத்திலேயே நீங்கள் எழுதிய ஃபீல்டு புக்கைப் பரணிலிருந்து எடுத்தேன். ஐந்தாம் கோட்டுக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஷீட்டில் மட்டும் இருக்கிறது. ஷீட்டில் ஏற்றிய இரவு, நீங்கள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வாசிக்க நான் அடித்துக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்ததும், "இத நான் போட்டுக்கறேன், நீ போய்ப் படு" என்று மடிக்கணினியை வாங்கிக்கொண்டீர்கள். மற்ற ஆறு கோட்டையும் வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, சுற்று மூடும்படி அதை நிரப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பிறகு பக்கத்தின் மேலே தேதியைப் பார்த்தேன். சேற்றுக்குள் போகும் ஐந்தாம் கோட்டைக் கடைசிக்கு வைத்திருந்திருப்பீர்கள்; அந்த மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள். முழங்கால் வரை சேறோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றீர்கள். அழாமலே பிறந்த நம் பிள்ளையை நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது நீங்கள்தான் கையில் வாங்கினீர்கள். நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் தப்பு உங்களுடையதைவிடப் பெரிது. மூன்றாம் கோடு புத்தகத்தில் 62.85. நான் அடித்தது 68.25. ஐந்தாவதை அளந்திருந்தால் அந்த ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டரும் கூட்டலில் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் போட்ட எண் அதை விழுங்கிவிட்டது. நேற்று டிரைவரின் மனைவியை மறுமுனையில் நிற்க வைத்து நானே டேப் பிடித்தேன். 62.85தான். "நல்லதா வந்திருக்கா அக்கா?" என்று கேட்டாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்று காலை நில அளவை அலுவலகத்துக்குப் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அதிகாரி, "நீங்க சொன்னா செல்லாதும்மா. லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு. படத்த வாபஸ் வாங்கறேன்னு அவர்தான் எழுதணும், எந்தக் கோட்ட அளக்கலன்னும் சொல்லணும். அது வந்தாத்தான் இடிக்கறத நிறுத்தச் சொல்லிக் கோர்ட்ல கேக்க முடியும்" என்றார். லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடி வைத்தார்.

அது போனால் அங்கே வேலையும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். வெறுங்கையோடு வந்தாலும் வாருங்கள். நாம் ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை அந்தச் சுவர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு வரைபடத்தையும் என்னால் தொட முடியாது.

சனிக்கிழமை இது உங்கள் கையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து என் போனுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஐந்தாம் கோட்டை அளக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். ஏன் என்று எழுத வேண்டாம். அது நம் இருவருக்கும் தெரிந்தால் போதும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி