விலாசம் இல்லாத கையெழுத்துகள்

என் ஆறுமுகம் மச்சானுக்கு,

உன் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வந்தது. விசாரணைக்கு நீ நேரில் வர வேண்டுமாம். வராவிட்டால் மனுவை முடித்துவிடுவார்களாம்.

தங்கச்சி அதைக் கடைக்கு எடுத்து வந்தாள். "அவரு செத்ததுக்கு சர்டிபிகேட் குடுத்ததே இந்த ஆபீஸ்தானே? இன்னாண்ணா இது?" என்றாள்.

உனக்கு நினைவிருக்கிறதா? மனுவுக்கு முப்பது நாளில் பதில் தராத அதிகாரி ஊர்ச்சபையில் வந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், அதைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அந்த மனுவில் நீ எழுதினாய். நான் சிரித்தேன். "நம்மளுது யூனியன் பிரதேசம், தனி மாநிலமே இல்ல. டெல்லியில எழுதின சட்டத்த நீ திருத்தப் போறியா?"

"அவங்க எழுதலாம், நான் படிக்கக் கூடாதா மச்சான்? படிச்சா அதுல இருக்கற ஓட்டை தெரியுதே," என்றாய்.

அரியூர், காட்டேரிக்குப்பம் என்று டிவிஎஸ்ஸில் சுற்றிக் கையெழுத்து வாங்கினாய்.

நேற்று அந்த ஆபீசுக்குப் போனேன்.

"மனுதாரர் வரலியா?" என்றார் கிளார்க்.

"செத்துட்டாரு சார். நீங்கதான் சர்டிபிகேட் குடுத்தீங்க."

"அது வேற செக்‌ஷன்."

மச்சான், கத்தத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். வேறு யாராவது மனுதாரராக வரலாமா என்று கேட்டேன். கிளார்க் உன் தாள்களைப் புரட்டினார்.

"கையெழுத்து நிறைய இருக்கு. ஒருத்தருக்கும் விலாசம் இல்லியே. யாருன்னு கூப்புடறது?"

உண்மைதான். "கையெழுத்து போடறேன், விலாசம் மட்டும் வேணாம்பா" என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? நாளைக்கே ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். கேள்வி கேட்கும் தாளிலேயே முகத்தை மறைத்துக்கொள்ளும் ஜனங்கள் நாம். முழு விலாசம் எழுதியவன் நீ ஒருவன்தான். உன்னோடு மனுவும் செத்துவிடும் என்று ஆபீசுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் தாளில் ஒரு கிறுக்கல் இருந்தது. அது நான். சைக்கிளில் பைப் சுமந்து விற்று உண்டாக்கிய கடை, லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, பேர் தெரியாதபடி அப்படிப் போட்டேன். நீ பார்த்தாய். திட்டியிருக்கலாமே, ஏன் விட்டாய்?

பேனா வாங்கி அந்தக் கிறுக்கலுக்குக் கீழே பேரும் விலாசமும் எழுதினேன். பையிலிருந்த கடை ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினேன்.

"லைசென்ஸ் ரினியூவல் வருதில்ல?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"வருது சார். அதையும் மனுவாவே குடுக்கறேன். முப்பது நாள் பாப்பேன்."

திங்கட்கிழமை விசாரணை. கடையைச் சாத்திவிட்டுப் போகிறேன். அதன்பிறகு உன் தாளை எடுத்துக்கொண்டு, நீ போன ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விலாசத்தைக் கேட்டு வாங்குவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மச்சான்,
கோதண்டம்,
மோட்டார் பைப் கடை,
பஸ் நிறுத்தத்துக்கு எதிரில்,
வில்லியனூர்.