முதலிடம் பிடித்த பள்ளியில் எண்பது தட்டுகள் குறைந்தன

டெட்ராய்ட், மே 28

அன்பு மகள் வினெட்டாவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அந்த அலாஸ்காக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் தம்பி ஏசாவைப் பள்ளி மாற்றிய கதையைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அரசாங்கப் பணத்தில் தனியார் நடத்துகிற, நான் சமைக்கிற ஸ்டெர்லிங் ரிவர் சார்ட்டர் பள்ளியில்தானே படித்தான். அக்டோபரில் அரசாங்கம் தலையெண்ணிப் பணம் ஒதுக்கும் நாளன்று பீட்சா, பலூன், பள்ளி முதல்வர் டன்லீவி அம்மாளே வாசலில் நின்று கைகுலுக்கினார். பிப்ரவரி கடைசியில் மாதிரித் தேர்வை ஏசா காய்ச்சலோடு எழுதி மதிப்பெண் குறைந்ததுதான் தாமதம், என்னைக் கூப்பிட்டு, "ஏசா தங்கமான பையன்தான், ஆனா எங்க பள்ளிக்கூடம் அவனுக்குப் பொருந்தல" என்றார். பையன் வெளியே வந்தான், அவன் பேரில் வந்த பணம் உள்ளேயே இருந்தது. மார்லோ தெருவில் பழைய சர்ச் கட்டடத்தில் நடக்கும் இன்னொரு சார்ட்டர் பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது. வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்வதுதான் அதற்குள்ள வியாதி.

போன வாரம் இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட்டுக் கல்வி வாரியத்தார் ஒரு கூட்டம் போட்டார்கள். பெல்நாப் என்ற நிபுணர் வண்ணப் படங்களோடு வந்து, ஸ்டெர்லிங் ரிவருக்குத் தலைக்கு நிறைய நிதி, நிறைய மதிப்பெண், மார்லோவுக்கு நிதியும் குறைவு மதிப்பெண்ணும் குறைவு, ஆகவே மார்லோவுக்குக் கொடுக்கிற பணம் வீண், அதை மூடிவிடலாம் என்றார். கைதட்டல் வேறு. நான் தலையில் சமையல் வலையோடு எழுந்து, "ஐயா, அக்டோபர்ல நானூத்திப் பத்து தட்டு கழுவினேன். ஏப்ரல்ல முந்நூத்தி முப்பதுதான். அந்த எண்பது பிள்ளைங்க உங்க படத்துல எந்தக் கலரு?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது இந்த ஆய்வுக்குள்ள வராதும்மா" என்றார். உடனே பின்வரிசையில் ஒருத்தி, "என் பொண்ணு அதுல ஒருத்தி!" என்று எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் பாதி மண்டபம். மூடுகிற தீர்மானத்தை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். எனக்கோ மறுநாளே, தட்டு எண்ணுவது என் வேலையில்லை என்று எச்சரிக்கைக் கடிதம். நேற்று தேர்வு முடிவு வந்தது. மார்லோவில் ஏசாதான் முதல். சாயங்காலமே டன்லீவி அம்மாள் போனில், "அவன் என்னைக்குமே எங்க பிள்ளைதானே, எப்ப திரும்பி வரான்?" என்றார். போனை அவனிடமே கொடுத்துவிட்டேன். "வர முடியாது மேடம். மழை பெஞ்சா வகுப்புக் கூரை ஒழுகும், வாளி நகர்த்த எங்க பிசிக்ஸ் சாருக்கு ஆள் வேணும்" என்றான்.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏசாவைப் போனில் கூப்பிட்டுப் பாராட்டு, ஆனால் அளவோடு. இப்போதே கால் தரையில் பாவவில்லை.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வெர்லீன்