பதிமூன்றாம் தேதியே தயாரான நகல்

மாதுங்கா,
21-8-66

சௌபாக்கியவதி வாலாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் உடம்பால் சௌக்கியம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். திக்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது, இனி அந்த மேட்டுச் சாலையில் வேகமாக நடக்காதே. பிரசவத்துக்கு மாதுங்காவுக்கு வருவதா, செம்பூரில் அகிலாண்டம் அத்தை வீட்டுக்கா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இரண்டு வாரமாக நான் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. இந்த வீடே நமக்கு உண்டா என்று தெரியாமல் இருந்தது.

சேட் தன் சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று போட்ட வழக்கில் ஜூலை முதல் தேதி நமக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பீல் செய்ய முப்பது நாள். தீர்ப்பின் நகலுக்கு மனுக் கொடுத்தால், அது தயாராகும் வரை ஆகும் நாட்களைக் கோர்ட் கணக்கில் சேர்க்காது. நான்காம் தேதியே அப்பா மனுக் கொடுத்துவிட்டார், அதுவரை சரி. ஆனால் ஆடி பிறந்ததும் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது, ஆவணி முதல் தேதி போய் நகலை வாங்கிக்கொள்கிறேன், கையில் வாங்கினால்தானே நாள் ஓடும் என்றார். நானும் பி.ஏ. படித்தவள், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஜூலை பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. வாசல் மணி அடித்தது, திறந்தால் ஒரு பெண். கையில் மூங்கில் பிடிக் குடை, வெளுத்த வாயில் புடவை, முப்பது வயதிருக்கும். வீட்டைப் பாக்கணும்மா என்றாள். சேட் அனுப்பிய ஆள் என்று நினைத்து, முறைத்துக்கொள்ள வேண்டாமே என்று உள்ளே விட்டேன். சமையலறை ஜன்னல் கொக்கியைத் தூக்கி அழுத்தினால்தான் திறக்கும், உனக்குத் தெரியும். அவள் நேரே போய்த் தூக்கி அழுத்தித் திறந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். இந்த வரிசைக் கட்டிடம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஜன்னல்தாம்மா, நாலஞ்சு பாத்துட்டேன் என்றாள். பிறகு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்துப் பின்னறையை அளந்தாள். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். இங்க ரயில் சத்தம் கம்மி, புள்ள தூங்கும் என்றாள். நீ உண்டாகியிருப்பதை நான் சொல்லவே இல்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். யாரும் அனுப்பல, இன்னும் நாள் கெடக்கு, நான் அவசரப்படலம்மா என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கினாள். பெயர் பூமாரியாம்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி மறுபடி வந்து ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். சேட்டின் வாடகை வசூல்காரர் பிச்சையிடம் கேட்டேன். நாங்க ஒரு பொம்பளையையும் அனுப்பலையே மாமி என்று அவர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். அதற்கப்புறம் மத்தியானத்தில் வீட்டில் தனியாக இருக்கவே முடியவில்லை. சுவர்களெல்லாம் அவளுக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

ஒன்பதாம் தேதி வந்தவள் கையில் புதுப் பூட்டு. மேஜைமேல் வைத்துவிட்டு, நாளைக்குச் சாயங்காலம் கோர்ட் ஆபீஸ் மூடினா சரி என்றாள். என்ன சரி, நாங்கள் ஆவணியில்தானே நகல் வாங்கப் போகிறோம் என்றேன். வாங்குற தேதி யாருக்கும்மா வேணும், காப்பி போன மாசம் பதிமூணாந்தேதியே ரெடின்னு போர்டுல போட்டுட்டான், பதினாலுலருந்து நாள் திரும்ப ஓட ஆரம்பிச்சாச்சே என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சொல்லிருக்கக் கூடாது, சொல்லிருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னால், வழியோடு போகிறவள் உனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தாளாக்கும் என்று கேலி செய்தார். ஆனால் விரல் கணுவில் எண்ணிப் பார்த்தார், மனுவுக்கு முன்னால் இரண்டு நாள், பதினாலாம் தேதியிலிருந்து இருபத்தெட்டு, ஆகஸ்டு பத்தோடு முப்பதும் சரி. மறுநாள் காலையிலேயே வக்கீல் காசிராஜனிடம் ஓடினார். என்ன சார், கோர்ட்டுக்கு ஆடி ஏது ஆவணி ஏது, தாமதத்தை மன்னிக்கணும்னு மனுப் போட்டு அதுல ஆடி மாசம்னு காரணம் எழுதினா ஜட்ஜ் சிரிக்க மாட்டாரா என்று அவர் கத்தினாராம். நகலை வாங்கி, டைப் அடித்து, நாலரைக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அப்பீலைக் கொடுத்தார்கள்.

அவள் அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். நான் சொன்ன குடையை வைத்து அப்பா அடையாளம் கண்டுகொண்டார். அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் மடியிலிருந்த காகிதத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்து போனாள். மூன்று வருஷமாகத் தினம் வருகிறாள் என்று குமாஸ்தா சொன்னாராம். யார்மேல் தீர்ப்பு, யாருடைய நகல் தயார், யார் இன்னும் அப்பீலுக்கு வரவில்லை என்று எழுதிக்கொள்வாளாம், காலியாகிற வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்க. புருஷனுக்கு டிராம்பேயில் வேலை, தேவ்நாரில் யாரோ ஒருவர் குடிசையின் ஒரு மூலையில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார்களாம். இதைக் கேட்டதும் பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை. புள்ள தூங்கும் என்றது அவள் குழந்தையைத்தான், அதை நினைத்தால்தான் இன்னும் கலக்கமாக இருக்கிறது.

அப்பீல் முடியும் வரை காலி செய்ய வேண்டாம் என்று தடை உத்தரவு கிடைத்துவிட்டது. விசாரணை மாசிக்கு முன்னால் வராது என்கிறார் காசிராஜன். உனக்குத் தையில்தான். ஆகவே நீ இங்கேயே வா.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். எதிர்க் கட்டிடத்து மாடி வீட்டுக்காரர்மேலும் தீர்ப்பாகிவிட்டதாம். நேற்று மத்தியானம் அவர்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழக்குப் பார்த்த வீடு, வெளிச்சம் நன்றாக வரும், அவர்களுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது என்று எண்ணி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப் போய், நகலுக்கு மனுக் கொடுத்தாயிற்றா என்று அந்த மாமியைக் கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். எப்போது கொடுக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதி அவள் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் இருவருக்கும் எங்கள் பரிபூர்ண ஆசீர்வாதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கார்த்திகைப் பிரயாணத்துக்கு ரயில் டிக்கெட்டை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜலக்ஷ்மி அனந்தநாராயணன்