கீழ் வீட்டு ஓதம்

ஜூன் 9

பின்னறைச் சுவரின் கறை அண்ணன் கட்டிலின் தலைமாட்டைத் தாண்டிவிட்டது. போன மாதம் பீரோவுக்குக் கீழே பதுங்கியிருந்தது. இன்று ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தேய்த்துப் பார்த்தேன். துணி கறுத்தது. சுவரும் கறுப்பாகவே இருந்தது.

"விடு பாப்பா. நமக்கெல்லாம் வயசானா நரைக்குது, சுவத்துக்குக் கறுக்குது. அது கொடுத்து வச்சது" என்றான் அண்ணன்.

எனக்கு அறுபத்தொன்று. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஜூன் 11

வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்க்கலாம்'. குழாய் ஒழுகுகிறது என்றாலும் கூரை விழுகிறது என்றாலும் அந்த ஒரு பதில்தான். வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னலைத் திறந்து வைங்கம்மா, காத்து வந்தா காஞ்சிடும்" என்றார்.

"ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்துச் சுவருதான் இருக்கு. கீழே சாக்கடை. திறந்தா எது வரும்னு நீங்களே சொல்லுங்க."

"பார்க்கலாம்."

அவர் போனதும் அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

ஜூன் 18

மழை விடவில்லை. அண்ணனின் தலையணையைத் தொட்டால் யாரோ அழுத தலையணை மாதிரி இருக்கிறது.

ஜூன் 20

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கக் காதில் அடுத்தவர் குரலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் காது ஓய்வு பெறவில்லை. காலையில் அடுப்படியில் அவன் எனக்கு முதுகு காட்டி நிற்கும்போது கேட்கிறது. மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் மெல்லிய விசில்.

சொன்னேன். "அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன்ல. கண்டக்டர் ஊதினது உள்ளேயே தங்கிடுச்சு" என்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு.

இந்த வீட்டைத் தேடிப் பிடித்தவன் அவன்தான். பார்த்த வீடெல்லாம் படி, படி, படி. சிறு வயதில் வந்த போலியோவில் சூம்பிய என் இடது காலுக்கு எதுவும் ஒத்துவரவில்லை. இங்கே மட்டும் வாசல் தரையோடு தரையாக இருந்தது. வந்த அன்றே வெயில் விழும் முன்னறையை எனக்குத் தள்ளிவிட்டுப் பின்னறையில் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டான்.

ஜூன் 27

ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். பீடி, சிகரெட் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அறையைப் பற்றித்தான் கேட்டாள். வெயில் வருமா? சுவர் ஈரமா? பூஞ்சை இருக்கா, எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கறீங்க?

"மருந்து நான் தர்றேன் ஐயா. ஆனா திரும்ப அதே ரூமுக்குத்தானே போவீங்க? மருந்து ஒரு பக்கம் இழுக்கும், சுவரு ஒரு பக்கம் இழுக்கும்" என்றாள்.

ஆட்டோவில் அண்ணன் மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வேடிக்கைப் பேச்சுகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 2

அவன் கட்டிலை முன்னறைக்கு மாற்றியாயிற்று. ஒரே அறையில் இரண்டு கட்டில், நடக்க இடமில்லை. ஊன்றுகோல் எதிலாவது இடிக்கிறது.

மாற்றும்போது என் கட்டிலுக்குப் பின்னால் பார்த்தேன். தரையை ஒட்டிச் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒன்றில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று. ஈர மாவு மாதிரி.

அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூலை 5

நாள் முழுக்கத் தரகர்களுக்குப் போன்.

"தரைத்தளமா? அங்கெல்லாம் காரு நிறுத்துறாங்கம்மா."

"வயசானவங்க ரெண்டே பேரா? ஓனர் யோசிக்கிறாரு."

"லிப்ட் இருக்கு. ஓடாது."

கடைசி ஆள் கொஞ்சம் நல்லவன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தோதான வீட்டை யாரும் கட்டறதே இல்லீங்கம்மா" என்றான்.

ஜூலை 13

அண்ணன் குளியலறையில் விழுந்தான். மதியம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது. சத்தம் கேட்டு நான் போய்ச் சேருவதற்குள் — இந்தக் கால், இந்தக் கட்டில்கள், இந்தக் குறுகல் — ஐயோ, என்னால வேகமா வர முடியலண்ணா, என்னால முடியல. உதடு நீலம் பூத்திருந்தது. தெருவில் போன யாரோ என் கத்தல் கேட்டு வந்து தூக்கினார்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முகத்தில் மாஸ்க்.

ஜூலை 17

ஆஸ்பத்திரி மொட்டைச் சுவர், பினாயில் நாற்றம், உப்பில்லாச் சாப்பாடு. ஆனால் விசில் நின்றுவிட்டது. காதை மார்பருகே கொண்டுபோய்க் கேட்டேன். இல்லை.

ஜூலை 20

வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

ஜூலை 21

விசில்.

ஜூலை 22

இரண்டாம் மாடி வீடு காலியாகிறது. 'பார்க்கலாம்' தானாகவே வந்து சொன்னார். "காஞ்ச வீடு. வெயில் நல்லா வரும். வேணும்னா போங்க. அம்மாவுக்குப் படிதான்..."

"வேணாம்" என்றான் அண்ணன், அவர் முடிப்பதற்குள்.

அவர் போனபின் சண்டை. நாங்கள் இப்படிச் சண்டை போட்டு எத்தனை காலமாயிற்று.

"மேல போனா நீ எப்படி இறங்குவே? ஆயுசு முழுக்க ஜன்னல்ல உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டிருப்பியா?"

"நீ போய்ச் சேந்துட்டா மட்டும் நான் தெருவுல ஓடப்போறேனா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொப்புளம் எழும்பிய அந்தச் சுவர்ப்பக்கம்.

ஜூலை 25

அவன் மருந்து வாங்கப் போனான். நான் கதவைச் சாத்திவிட்டுப் படியருகே போனேன். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு படி. காலை இழுத்து, ஊன்றுகோலை இழுத்து, இன்னொரு படி. குறுகலான படிக்கட்டு, ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. கீழே பார்க்கவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் போதும் என்றிருந்தது. அங்கேயே அழுதேன். பிறகு ஏறினேன்.

போனில் அண்ணன் பதறினான். "எங்கே போயிட்டே?"

"மேல இருக்கேன். வா."

திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். முந்தைய நாள் காலியான வீடு, கதவு திறந்தே கிடந்தது, தரையெல்லாம் வெயில். என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தான். "முழங்கையில ரத்தம் வருது பாப்பா" என்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14

மேலே வந்து இரண்டு வாரம் ஆகிறது. அண்ணன் மெதுவாகப் படியேறுகிறான், ஆனால் ஏறுகிறான். விசில் இல்லை. தட்டில் மிச்சம் வைப்பதில்லை. பழைய கண்டக்டர் கதையெல்லாம் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

நான் கீழே இறங்கவில்லை. வாராவாரம் என் காலுக்குப் பயிற்சி தந்துவந்த அம்மா இருப்பது நாலு தெரு தள்ளி; போவதை விட்டாயிற்று. 'நல்ல கால்' என்று இத்தனை காலம் சொல்லி வந்த வலது கால் வீங்குகிறது. அண்ணன் கண்ணில் படாமல் புடவையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 30

கீழ் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நாங்கள் இருந்தவரை ஒரு வாளி சுண்ணாம்புக்கு வழியில்லை. வாசனை இங்கேவரை வருகிறது. அண்ணன் ஜன்னலைச் சாத்தினான். இருவருக்கும் ஒரே நினைப்புதான்: அங்கே அடுத்து வரப்போவது யார்?

செப்டம்பர் 3

காலையில் கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கட்டில், பாத்திர மூட்டை. அப்புறம் சக்கர நாற்காலி. அதில் நரைத்த தலையோடு ஒருவர், தள்ளி வந்தது அவர் மனைவி. நாற்காலி வாசலில் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அந்த அம்மா முகத்தில் எத்தனை நிம்மதி!

ஜன்னலிலிருந்து கத்தினேன். சாமான் இறக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் கடைக்குப் போயிருந்தான். காத்திருக்க மனசு வரவில்லை. உட்கார்ந்தபடியே இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிட மோசம். உடம்பு முந்திக்கொண்டு போகப் பார்க்கிறது.

என்னை வாசலில் கண்டதும் அந்த அம்மா ஓடி வந்து தாங்கினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். "இந்த வீடு வேணாம்மா. பெயிண்டை நம்பாதீங்க. எங்க அண்ணனுக்கு மூச்சு நின்னுபோகப் பாத்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியில் இருந்தவர்தான் பேசினார்.

"வீடு பாக்க வந்த அன்னிக்கே தெரிஞ்சுது. பெயிண்டுக்கு அடியில வேற வாசனை வந்துச்சு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"இந்த நாற்காலி நுழையற வீடு வேற கிடைக்கலை, அம்மா."

அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, கடையில் காய் எது நல்லது என்று கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டார்.

"எந்தச் சுவருன்னு மட்டும் சொல்லுங்க. கட்டிலை அந்தப் பக்கம் போடாம பாத்துக்கறோம்."

பின்னறையைக் காட்டினேன். பிறகு முன்னறையில் என் கட்டில் கிடந்த இடத்தையும் காட்டினேன். மறைக்க மனமில்லை. அந்த அம்மா கட்டிலை முன்னறைக்கு நடுவில் இழுத்துப் போட்டார். எந்தச் சுவரிலும் படாமல் நன்றாகத்தான் இருந்தது. அவர் கணவர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

"பரவாயில்ல, தள்ளு" என்றார் மனைவியிடம்.

நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கட்டில் சுவரோரம் போயிற்று. அந்த அம்மா குனிந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டார். கையை விரித்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.