மூன்றாம் செல்

செவ்வாய், ஆயுத பூசைக்கு முதல் நாள்

காலையில் தூறல். வாவிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. மாரி இந்த முறை முந்திவிட்டது போல. இவர் விதைப்புக்கென்று வயல் வட்டைக்குப் போய்விட்டார், படுக்கை அங்கே வாடிக் குடிசையில்தான். வீட்டில் நானும், இவரின் அம்மா மாமியும், மாமிக்கு மூச்சுக் கொடுக்கிற ஒட்சிசன் மெஷினும்.

போன மாதம் கரண்ட் போன அன்று மாமிக்கு உதடு நீலம் பாரித்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த ஓட்டம் இனி வேண்டாம். அதற்குத்தான் நானே பூட்டுகிற இந்தப் பற்றரி.

நாலு லித்தியம் செல்லையும் பக்கம் பக்கமாகப் பூட்டி, ஒரே சார்ஜரில் நிரப்பினேன். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் பிஎம்எஸ், அதாவது செல்களுக்குக் காவல் நிற்கிற சின்ன போர்ட், முழுப் பற்றரியையும் நிறுத்திவிடும். இன்று மீற்றரால் அளந்தேன். நாலும் ஒரே வோல்ட் மட்டம். சந்தோசம்.

வாங்க: வொஷர், மாமியின் மாத்திரை, அவல், கடலை.

புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. செல்களை வரிசையாக அடுக்கி, மேலே செம்புத் தகடுகளைச் சும்மா வைத்தேன். நட்டு பிறகு. சாமிப் படத்துக்கு முன்னால் தையல் மெஷின், இவரின் மண்வெட்டி, என் மீற்றர். மாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"மாமி, எல்லாத்துக்கும் வைங்க. செல்லுக்கு மட்டும் வேணாம். ஈரம் படக் கூடா."

"ஏன் புள்ள, அது மட்டும் என்ன பாவம் செஞ்சது?"

மாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. இருக்கட்டும். பூசைக்குப் பொங்கிய புக்கை அடிப்பிடித்துவிட்டது. பின்னேரம் நட்டெல்லாம் இறுக்கியாயிற்று.

வியாழன்

புழுக்கம். மாமியின் மெஷினில் விளையாட முடியாது. சோதனைக்கு ரைஸ் குக்கர். இன்வேர்ட்டர் வழியாக அதைப் பற்றரியில் கொளுவியதும் மூன்றாம் செல்லின் வோல்ட் மளமளவென்று இறங்குகிறது. பிஎம்எஸ் நிறுத்திவிட்டது. சார்ஜ் போட்டால் அதே செல்தான் முந்தி ஏறுகிறது. திரும்பவும் நிறுத்தம். ஒன்றும் கொளுவாமல் விட்டால் நாலும் நல்ல பிள்ளைகள். என்ன விசர் இது! சோறும் அரைவேக்காடு.

செல் வாங்கிய காத்தான்குடிக் கடை அண்ணருக்குப் போன், எல்லாருக்கும் அவர் காக்கா. பழைய செல்லைத் தலையில் கட்டிவிட்டார் என்று நல்லாகவே ஏசினேன்.

"வல்லாஹி தங்கச்சி, புதுச் செல்தான். மாத்தித் தாறன். கொழும்பில இருந்து வரோணும், அடுத்த கிழம ஆகும்."

அடுத்த கிழமை! ஒரு வாரம் பொறுக்க ஏலுமா? கன மழை வருகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

"பெட்டி சரிவரல்லியா புள்ள?" என்று மாமி.

"வரும் மாமி."

பயமாக இருக்கிறது. இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விதைப்பைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

வெள்ளி

விடியவே மழை. கரண்ட் இருக்கிறது, இன்னும். குக்கரை ஓடவிட்டு ஒவ்வொரு தகடாகத் தொட்டேன். மூன்றாம் செல்லின் தகட்டில் விரல் வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. தகடு சரியாகப் பிடிக்காத இடம்தான் இப்படிச் சுடும். அணைத்து, நட்டைக் கழற்றி, தகட்டைத் தூக்கினால் அடியில் வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து கருகிக் கிடக்கிறது.

"மாமீ!"

கட்டிலில் இருந்தபடியே மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "கண்டிட்டியா?" என்றார்.

"வேணாமெண்டு சொன்னனே! உங்கட மூச்சுக்குத்தானே இவ்வளவு பாடும். இந்தப் பொட்டால மெஷினே நிண்டு போயிரிக்கும் மாமி."

"என்ட மூச்சுக்கு நான் வைக்கல்லகா. நாள் முழுக்க நீ கரண்டுக்குள்ள கையப் போட்டுக்கிட்டு இரிக்காய். உனக்கு ஒண்டும் ஆகப்படாதெண்டுதான் வச்சன்."

என் கரண்ட் வேலை மாமிக்குப் பிடிக்காது என்றுதான் கலியாணம் முடித்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, துடைத்து, திரும்பப் பூட்டினேன். குக்கர் கடைசி வரை ஓடியது. பாவம் அந்த மூன்றாம் செல்.

காக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சந்தனமா?" என்றவருக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.

பற்றரிப் பெட்டியை மெஷினோடு இணைத்தாயிற்று.

சனி

கொட்டுகிற மழை. மத்தியானம் மீன் பொரிக்கையில் குசினி லைட் போய்விட்டது. அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். மாமி நித்திரை. மெஷின் ஓடுகிறது. நாலு செல்லும் ஒன்றாக, மெதுவாக இறங்குகின்றன. தகட்டைத் தொட்டேன், சூடில்லை. ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை. மீற்றரும் கையுமாகக் கட்டிலடியிலேயே இருந்தேன். மழை விட்டுப் பின்னேரம்தான் கரண்ட் வந்தது.

மாமி கண் விழித்தார். "என்ன புள்ள, இஞ்ச குந்திக்கிட்டு இரிக்காய்? தின்னல்லியா?"

"கரண்ட் போய் வந்திச்சு மாமி."

"எப்ப?"